காட்பாடியிலிருந்து எல்லை தாண்டி லாரி ஓட்ட: நேஷனல் பர்மிட்டா, கவுன்ட்டர் சைனா?

கேள்வி இதுதான். காட்பாடிக்காரர் ஒருவர் பத்து வயதான ஆறு சக்கர லாரியைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறார். ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து கெமிக்கல், மேல்விஷாரத்திலிருந்து தோல் என்று சித்தூருக்கும் பெங்களூருக்கும் லோடு கிடைக்கிறது. திரும்பும்போது கோலார் தக்காளி ஏற்றிவரலாம் என்று கணக்கு. தமிழ்நாடு பர்மிட்டில் கர்நாடகா கவுன்ட்டர் சைன் (அந்த மாநிலத்தின் மேலொப்பம்) மட்டும் வாங்கினால் போதும், ஆந்திராவுக்கு அவ்வப்போது டெம்பரரி பர்மிட் எடுத்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்கிறாராம். ஏற்றுமதியாளர் ஒருவர் வங்கதேச எல்லை வரைக்கும்கூட லோடு தருகிறேன் என்கிறாராம். எதை எடுப்பது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்று கேட்கிறார்.

எல்லா மாநிலத்துக்கும் செல்லும் நேஷனல் பர்மிட்டை எடுங்கள். நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு மற்ற எதுவும் கட்டுப்படியாகாது. காரணம் ரோடு போகும் வழியிலேயே இருக்கிறது.

காட்பாடியிலிருந்து கோலாருக்கு நேர் வழி தேசிய நெடுஞ்சாலை 75. குடியாத்தம், பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறினால் மேலே ஆந்திராவின் வி.கோட்டா. அதையும் தாண்டினால்தான் கர்நாடகாவின் முல்பாகல். மலைப்பாதை வேண்டாம் என்று சித்தூர், பங்காருபாளையம், பலமனேர் வழியாகச் சுற்றினாலும் முல்பாகல் வரை ஆந்திராதான். கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று நெடுஞ்சாலை 48-ல் போனால் மட்டுமே ஆந்திரா மண்ணை மிதிக்காமல் கர்நாடகாவுக்குள் நுழைய முடியும். பெங்களூருக்கு அது சரியான வழி. கோலாருக்கு அப்படிச் சுற்றினால் டீசலிலேயே வாடகை போய்விடும்.

ஆக, கர்நாடகா கவுன்ட்டர் சைன் மட்டும் வைத்திருக்கும் வண்டி வி.கோட்டாவில் நிற்கும் நேரத்தில், சட்டப்படி அது பர்மிட் இல்லாத வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சொல்லப்பட்டிருக்கிறது. 207-வது பிரிவில் வண்டியைப் பிடித்துவைக்கவும் அதிகாரம் இருக்கிறது. தக்காளி ஏற்றிய வண்டி இரண்டு நாள் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த விஷயத்தில் ஒரு விதிவிலக்கைப் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் ரோடு வேறு மாநிலத்துக்குள் போய் வெளியே வந்தால், அந்தத் துண்டு 16 கிலோமீட்டருக்கு மேல் போகாதவரை சொந்த மாநில பர்மிட்டே அங்கேயும் செல்லும். 88-வது பிரிவின் முதல் உட்பிரிவிலேயே இது இருக்கிறது. எல்லை வளைந்து நெளிந்து கிடக்கும் நம் வட ஆற்காட்டில் இது நிஜமாகவே பயன்படும் விதி. ஆனால் தமிழ்நாட்டில் ஏற்றித் தமிழ்நாட்டில் இறக்கும் லோடுக்குத்தான் இது. காட்பாடியில் ஏற்றி முல்பாகலில் இறக்குகிறவர் இதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

டெம்பரரி பர்மிட் யோசனையையும் விட்டுவிடுங்கள். 87-வது பிரிவில் அது ஒரு குறிப்பிட்ட தேவைக்கு, அதிகபட்சம் நான்கு மாதத்துக்குக் கொடுக்கப்படுவது. சீசனுக்கு ஒரு நடை, திருவிழாவுக்கு ஒரு லோடு என்றால் சரி. வாரம் மூன்று நடை போகிறவர் ஒவ்வொரு முறையும் பர்மிட், வரி, புரோக்கர் கூலி என்று கொடுத்துக்கொண்டிருந்தால் வருஷக் கடைசியில் நேஷனல் பர்மிட்டைவிட அதிகம் செலவழித்திருப்பார். எப்போதாவது எடுக்க நேர்ந்தால் அரசின் பரிவாகன் இணையதளத்தின் எல்லை வரிப் பகுதியில் நீங்களே கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தராத எவரிடமும் எல்லையில் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு முறைக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு மாநில அதிகாரி கொடுத்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அந்த மாநிலமும் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் கவுன்ட்டர் சைன். இரண்டு மாநிலங்கள் பேசி ஒப்பந்தம் போட்டு, எத்தனை வண்டி என்று எண்ணிக்கையை முடிவுசெய்து, வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணை தெரிவிக்க குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, பிறகுதான் உறுதிசெய்யலாம். அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதும் நிபந்தனையை மாற்றுவதும் மெதுவாகவே நடக்கும். நமக்கோ ஆந்திராவுக்கு ஒன்று, கர்நாடகாவுக்கு ஒன்று என இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு தேதி, வேறு வேறு வரி. ஒன்று காலாவதியானது தெரியாமல் இன்னொன்றை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம்.

நேஷனல் பர்மிட் 88-வது பிரிவின் 12-வது உட்பிரிவில் வருகிறது. முன்பு அதற்கும் மாநிலம் மாநிலமாகத் தனித்தனி வங்கி டிராஃப்ட் எடுக்க வேண்டியிருந்தது. 2010 மே 8 முதல் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆனது. முதலில் 15,000 ரூபாய். 2012 ஏப்ரல் 1 முதல் 16,500. பணம் மத்தியத் தொகுப்புக்குப் போய் அங்கிருந்து மாநிலங்களுக்குப் பிரிகிறது. சொந்த மாநிலத்துக்கு அனுமதிக் கட்டணம் 1,000 ரூபாய். ஆக 17,500. மாதத்துக்கு 1,460 ரூபாய் கூட ஆகாது. மாதம் பன்னிரண்டு நடை போனால் நடைக்குச் சுமார் 120 ரூபாய். தமிழ்நாட்டுக்குக் கட்டும் வழக்கமான வாகன வரி இதில் சேராது, அது தனி.

மாநிலங்கள் கூடி லாரித் தொழிலுக்குச் செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன். அதே நேரத்தில் எல்லையோரத்துச் சின்ன ஓனருக்கு இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. காட்பாடியிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் சித்தூருக்கு மட்டும் போய்வருகிறவரும், குவாஹாத்தி வரை ஓடுகிறவரும் ஒரே 16,500 கட்டுகிறார்கள். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். பிறகுதான் தலைநகர் வேலூருக்கு வந்தது. சந்தையும் சரக்கும் இன்றும் ஒரே வட்டாரமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. கோடு மட்டும் நடுவில் விழுந்தது. எல்லையின் இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு வட்டாரப் பர்மிட் கொடுப்பது நியாயம். 16 கிலோமீட்டர் விதியை எழுதியவர்களுக்கு அந்த யோசனை இருந்திருக்கிறது. இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசினால் அதை விரிவாக்க முடியும். சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே 262 கிலோமீட்டர் முழுவதும் ஓட்டத்துக்கு வந்துவிட்டால் இந்தத் தேவை இன்னும் கூடும். அந்த ரோடு ராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர், கோலார் தங்கவயல் பக்கமாகப் போகிறது. இன்று ஓசூர் வழியாகப் போகும் நம் மாவட்டத்து பெங்களூரு லோடுகூட அப்போது ஆந்திரா வழியாகத்தான் போகும்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். கைமாற்று வண்டி என்பதால் முதல் சிக்கல் அங்கேதான். ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் பர்மிட்டும் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். 82-வது பிரிவின்படி பர்மிட்டை அதிகாரியின் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது; அதற்குத் தனி விண்ணப்பம். பழைய ஓனர் பெயரில் பர்மிட், உங்கள் பெயரில் ஆர்.சி. என்று ஓடும் வண்டி, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கிளெய்மை மறுக்க ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறது. வரிசை இப்படி இருக்கட்டும்: நிலுவையில் உள்ள இ-சலான் அனைத்தையும் தீருங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் வேலை நகராது. பழைய கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து கடன் தீர்ந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வாங்குங்கள். படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றுங்கள். வாங்கியவருக்கு 30 நாள்தான் கெடு. இன்சூரன்ஸைப் பெயர் மாற்றுங்கள். அதன்பிறகு பர்மிட்.

அடுத்தது வயது. மல்ட்டி ஆக்சில் (இரண்டுக்கு மேற்பட்ட அச்சு) இல்லாத வண்டிக்கு 12 வயது தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடையாது. மல்ட்டி ஆக்சிலுக்கு 15. மத்திய மோட்டார் வாகன விதி 88 இது. உங்களுடையது இரண்டு ஆக்சில், வயது பத்து. முதல் பதிவுத் தேதியை ஆர்.சி.யில் பாருங்கள், விற்றவர் வாயால் சொன்ன மாடல் வருஷத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எப்படிப் பார்த்தாலும் நேஷனல் பர்மிட்டில் இரண்டு வருஷத்துக்குள்தான் எல்லை தாண்டிய ஓட்டம். அதற்குப் பிறகு இந்த வண்டி வேலூர்–சென்னை, வேலூர்–சேலம் என்று உள்ளூர் லோடுக்கு மட்டும்தான். வண்டிக் கடனின் தவணைக் காலம் இந்த இரண்டு வருஷத்தைத் தாண்டிப் போகிறதா என்று இப்போதே பாருங்கள். எட்டு வயது தாண்டியதால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் வருஷா வருஷம்.

பர்மிட்டில் இரண்டு காகிதம் உண்டு. ஐந்து வருஷத்துக்கான பர்மிட் ஒன்று. அதனோடு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அனுமதிச் சீட்டு, தொழிலில் பார்ட் பி என்பார்கள், படிவம் 47. 16,500 கட்டுவது இந்தப் பார்ட் பி-க்காகத்தான். பர்மிட் தாளில் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்று டிரைவர் தைரியமாகக் காட்டுவார். அதிகாரி கேட்பது பார்ட் பி. அது போன மாதமே முடிந்திருக்கும். புரோக்கர் கைக்கு வேலை போனால் அடிக்கடி நடப்பது இது. எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி, பார்ட் பி ஆகிய ஐந்து தேதியையும் கேபினுக்குள் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். பர்மிட் புதுப்பிக்க, முடியும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் நேஷனல் பர்மிட் என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஃபாஸ்டேக் சொல்லவே வேண்டாம்.

நேஷனல் பர்மிட் இருந்தாலும் செய்யக் கூடாத ஒன்று: வேறு மாநிலத்துக்குள்ளேயே ஏற்றி அந்த மாநிலத்துக்குள்ளேயே இறக்குவது. சித்தூரில் தோல் கெமிக்கலை இறக்கிவிட்டு, திருப்பதி வரைக்கும் ஒரு லோடு இருக்கிறது, போகிற வழிதானே என்று புக்கிங் ஆபீஸில் கூப்பிடுவார்கள். தமிழ்நாடு வண்டி அதை ஏற்றக் கூடாது. சித்தூரில் ஏற்றி பெங்களூரில் இறக்கலாம், சித்தூரில் ஏற்றி ஆற்காட்டில் இறக்கலாம். படிவம் 50-ல் சொல்லியிருக்கும் சரக்குச் சீட்டு, அதாவது நாம் எல்.ஆர். என்பது, எல்லா லோடுக்கும் வேண்டும். ஏற்றிய ஊரும் இறக்கும் ஊரும் அதில்தான் இருக்கும், பிடிபடுவதும் அதை வைத்துத்தான்.

அடுத்தது எடை. பணத்தை அதிகம் தின்பது இதுதான். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பைக் கூட்டியது. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆனது: முன் ஆக்சில் 6-லிருந்து 7, பின் ஆக்சில் 10.2-லிருந்து 11.5. மூன்று ஆக்சில் 25-லிருந்து 28.5. இதைக் கேட்டுவிட்டுப் பழைய வண்டிக்காரர்கள் இரண்டு டன் சேர்த்து ஏற்றுகிறார்கள். செக்கிங்கில் பார்ப்பது உங்கள் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் மொத்த எடையை. அதில் 16,200 கிலோ என்று இருந்தால் உங்களுக்கு வரம்பு 16,200தான். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது உங்கள் லோடு. 6,000 கிலோ வெற்று எடை என்றால் 10,200.

வரம்பு தாண்டினால் 194-வது பிரிவு: அடிப்படை 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் கூடினால் 26,000, கூடவே அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் உங்களுடையது. எடை போட மறுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனால் 40,000. ஒரு டன் கூடுதலுக்கு மண்டியில் தரும் வாடகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடிபடும் ஒரு நடை, பிடிபடாத பல நடைகளின் கூடுதல் வாடகையை விழுங்கிவிடும். டயரும் லீஃப் பிளேட்டும் தின்னும் பணம் தனி.

மொத்த எடை சரியாக இருந்தும் ஆக்சில் எடையில் மாட்டுவது உண்டு. இறக்கச் சுலபமாக இருக்கும் என்று கனமான டிரம்களைப் பின் கதவோரம் அடுக்குவதால் வருவது. எடை மேடையில் முதலில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் பின் ஆக்சில் எடை தெரியும். வழக்கத்தைவிட முன் எடை குறைந்தால் ஸ்டியரிங் லேசாகும், பத்தலப்பல்லி வளைவுகளில் அது ஆபத்து.

தோலிலும் தக்காளியிலும் எடை ஏமாற்றும். உப்புத் தோல் காயாமல் ஏற்றினால் பில்லில் உள்ள எடையைவிட மேடையில் கூடவே காட்டும். அதோடு உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கிச் சேசிஸை அரிக்கும். தார்ப்பாயை அடியில் விரித்து நான்கு பக்கமும் ஒரு அடியாவது மேலே மடக்கிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியதும் நல்ல தண்ணீரில் பிளாட்பாரத்தைக் கழுவுங்கள். தக்காளியில் கோலார் கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) சுமார் 15 கிலோ என்று எண்ணிக்கையில் கணக்குப் போடுவார்கள். காலி கிரேட்டே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். 600 கிரேட் அடுக்கினால் பிளாஸ்டிக் மட்டுமே ஒரு டன். அதைக் கணக்கில் சேர்க்காமல் 10 டன் தக்காளி என்று ஒப்புக்கொள்பவர்கள் மேடையில் விழிக்கிறார்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. கிறிஸ்டியான்பேட்டை, சேர்க்காடு, பரதராமி, பத்தலப்பல்லி பக்கம் முன்பு பில் காட்டக் காத்திருந்த வரிசை இன்று இல்லை. அந்தச் சோதனை இ-வே பில்லுக்கு, அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டுக்கு, மாறி, ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் நடக்கும். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் இந்த வரம்பு ஒரு லட்சம். இங்கேதான் நம் ஊர்ப் பார்ட்டிகள் தவறுகிறார்கள். ராணிப்பேட்டையிலிருந்து குடியாத்தத்துக்கு 80,000 ரூபாய்ச் சரக்கை பில்லோடு மட்டும் அனுப்பிப் பழகியவர், அதே சரக்கைச் சித்தூருக்கும் அப்படியே அனுப்புவார். ஜாப் ஒர்க்குக்காக (கூலிக்குச் செய்துதரும் வேலைக்காக) அடுத்த மாநிலத்துக்குப் போகும் சரக்கு என்றால் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் வேண்டும். தோல் தொழிலில் பாதி நடமாட்டம் ஜாப் ஒர்க்தான் என்பதால் இதை ஏற்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இ-வே பில்லின் செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி எண்ணைப் பதிந்து பார்ட் பி போட்ட நேரத்திலிருந்து தொடங்கி, முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவு வரை. (பெயர் ஒன்றுதான்; பர்மிட் பார்ட் பி வேறு, இ-வே பில் பார்ட் பி வேறு.) ராணிப்பேட்டையிலிருந்து பெங்களூருவின் மேற்குப் பக்கம் வரை போனால் 200-ஐத் தாண்டும், இரண்டு நாள் கிடைக்கும், பெங்களூருவுக்குக் கிழக்கே உள்ள ஒசகோட்டை என்றால் ஒரே நாள்தான் வரலாம். நகரத்துக்குள் கனரக வண்டிக்குப் பகலில் நுழைவுக் கட்டுப்பாடு இருப்பதால் வெளியே காத்திருக்கும் நேரத்தில் பில் செத்துவிடும். முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்தபின் 8 மணி நேரம், இந்த இடைவெளியில் நீட்டிக்கலாம். தாண்டினால் முடியாது. வழியில் பிரேக்டவுன் ஆகி வேறு வண்டிக்கு மாற்றினால், சரக்கு நகரும் முன்னே புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். இதை மறந்து பிடிபட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-வது பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

டிஎன் 23 என்பதற்குப் பதில் டிஎன் 73 என்று அடித்துவிட்டால் என்ன ஆகும்? வேலூர், ராணிப்பேட்டை வண்டிகளில் இந்தத் தவறு சகஜம். வண்டி எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழை, பின்கோடு பிழை, பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றுக்கு 2018 செப்டம்பர் 14 சுற்றறிக்கையின்படி 1,000 ரூபாயோடு முடிக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கையின் எண் 64. நகலை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக் காட்டிப் பேச உதவும். தக்காளி போன்ற பதப்படுத்தாத காய்கறிக்கு இ-வே பில் தேவையில்லை. மண்டிச் சீட்டும் எல்.ஆர்.-உம் போதும்.

சிப்காட் கெமிக்கல் லோடு எடுப்பதானால் அது தனிப் பாடம். கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம், சோடியம் சல்ஃபைடு எல்லாமே ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருபவை. டிரைவருக்கு விதி 9-ன்படி மூன்று நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். அந்தப் பதிவு மூன்று வருஷம் செல்லும், பிறகு ஒரு நாள் புதுப்பிப்புப் பயிற்சி. சரக்கு அனுப்புகிறவர் டிரெம் கார்டு கொடுக்கக் கடமைப்பட்டவர். கசிந்தால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது தமிழிலோ டிரைவருக்குப் புரியும் மொழியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் அவசரத் தகவல் பலகையில் பொருளின் பெயரும் ஐ.நா. எண்ணும் இருக்க வேண்டும். அடர் கந்தக அமிலத்துக்கு 1830. மாலையில் வேறு சரக்கு ஏற்றும்போது பழைய பலகையை மாட்டியே விட்டுவிடுகிறார்கள். தீ விபத்தில் ஆந்திரா தீயணைப்பு வண்டி வந்து நின்று எந்த முறையில் அணைப்பது என்று முடிவெடுப்பது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். அது பொய் சொல்லக் கூடாது.

டேனரிக் கழிவை, சுத்திகரிப்பு நிலையச் சேற்றை, எல்லை தாண்டி எடுத்துப்போக யாராவது நல்ல வாடகை சொன்னால் முதலில் காகிதம் கேளுங்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, வேறு மாநிலத்தில் கொட்டி அழிப்பதற்கானால் இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தடையில்லாச் சான்று வேண்டும். மறுபயன்பாட்டுக்கானால் இரு வாரியங்களுக்கும் முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும். கூடவே ஏழு பிரதிகளாகத் தயாரிக்கும் படிவம் 10-ம் வண்டியோடு போக வேண்டும். பாலாற்றுப் படுகை பட்ட பாட்டைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். இந்தச் சரக்கைச் சித்தூர் பக்கத்து ஏரியில் இறக்கிவிட்டு வருவதற்கு நம் வண்டி போகக் கூடாது. ராத்திரியில் ஏற்றச் சொன்னால், எல்.ஆர்.-இல் வேறு பெயர் எழுதச் சொன்னால், அந்த லோடை விட்டுவிடுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: ஆந்திராவில் டீசல் விலை நம்மூரைவிடக் கூடுதல். காட்பாடியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இரண்டாவது வண்டியாகக் குட்டி யானை போல ஒன்று வாங்கும் எண்ணம் இருந்தால், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு 66-வது பிரிவில் பர்மிட்டே வேண்டியதில்லை. வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ் மட்டும்.

கடைசியாக வங்கதேச லோடு. நேஷனல் பர்மிட் இந்திய எல்லையோடு முடிகிறது. வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளின் வண்டிகளும் தங்குதடையின்றி ஓட 2015 ஜூன் 15 அன்று திம்புவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பூடான் நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. மற்ற மூன்று நாடுகளும் சேர்ந்து தொடங்கலாம் என்று பேசின. சோதனை ஓட்டங்கள் நடந்தன. லாரிக்காரர் நம்பி இறங்கும் அளவுக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சரக்கைச் சீல் வைத்தபடியே நாடு நாடாகக் கொண்டுபோகும் டி.ஐ.ஆர். உடன்படிக்கையில் இந்தியா 2017-ல் சேர்ந்தது. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆபரேட்டரும், அதற்கென்று சான்று பெற்ற மூடிய வண்டியும் வேண்டும், திறந்த பாடி லாரிக்கு அது பொருந்தாது.

ஆகவே வேலூர் வண்டியின் வேலை மேற்கு வங்க எல்லையில் உள்ள பெட்ராபோல் வரை. அங்கிருந்து வங்கதேசப் பக்கத்து பெனாபோல் யார்டுக்குப் பெரும்பாலும் உள்ளூர் வண்டிகள் மாற்றி ஏற்றிப் போகும். உங்கள் வண்டியே போவதானால் கார் பாஸ் என்ற கஸ்டம்ஸ் அனுமதிச் சீட்டு வேண்டும், பெனாபோலில் இறக்கிவிட்டு அப்படியே திரும்ப வேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும், ஐ.எம்.டி. 1 என்ற சேர்க்கையைப் போட்டால்தான் வங்கதேசம், நேபாளம், பூடானுக்கு நீளும். நூறு மீட்டர் தாண்டி மோதினாலும் அது வேறு நாடு.

தூரம் சுமார் 1,850 கிலோமீட்டர். இ-வே பில் பத்து நாள் கிடைக்கும். ஓடித் தீர்க்க அது தாராளம். எல்லை வாசலில் காத்துக்கிடக்கத்தான் போதாது. ஏற்றுமதி அரசியல் மாறும்போதெல்லாம் அங்கே வரிசை நீளும், மேற்கு வங்க அரசின் ஆன்லைன் முன்பதிவில் நேரம் கிடைத்த பிறகே வண்டி யார்டுக்குள் போகும். அந்த முன்பதிவை யார் செய்வது, ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) எந்த நாளில் தயாராக இருக்கும் என்பதை வண்டி கிளம்பும் முன் ஏற்றுமதியாளரின் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் பேசிவிடுங்கள். பத்து வயது வண்டிக்கு இந்த லோடு எடுத்தே ஆக வேண்டும் என்றால், இறக்கும் இடம் பெட்ராபோல் பார்க்கிங்கா யார்டா, எத்தனை நாள் வரை ஹால்டிங் (வண்டி காத்திருப்பது) இலவசம், அதற்குமேல் நாளுக்கு எவ்வளவு என்ற மூன்றையும் எல்.ஆர்.-இலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தார்ப்பாயைக் கட்டுங்கள்.